முள் சொல்வதும் இஞ்சின் சொல்வதும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் நாட்டுச் சாலையோரங்களில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கார் நிற்கும். ஒருவர் கையில் தண்ணீர்ப் போத்தலோடு அதன் முன்னால் நிற்பார். மற்றவர்கள் மர நிழலில் ஒதுங்கியிருப்பார்கள். என்ன என்று கேட்டால், "கார் சூடேறிப் போச்சு" என்பார்கள். டாக்டரிடம் போய்க் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்வதைப் போன்றது இது. காய்ச்சல் ஒரு நோயன்று. ஏதோ ஒரு நோயின் அடையாளம். கார் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. சில வேளைகளில் காய்ச்சலே இருக்காது. காய்ச்சலை அளக்கும் கருவிதான் பழுதாகியிருக்கும். ஆகவே, இஞ்சின் சூடேறுவது போலத் தோன்றினால் உண்மை நிலையை எப்படிக் கண்டறிவது என்பதைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன்.

நான் மெக்கானிக் அல்லன். தோட்டப் பள்ளியில் அறிவியல் போதிக்கும் ஆசிரியன். ஆனால் பட்டறைக்குப் போக இருபது கிலோமீட்டர் செம்மண் சாலையும் தார்ச் சாலையும் கடக்க வேண்டிய இடத்தில் குடியிருப்பவன், இஞ்சினைப் பற்றி ஓரளவேனும் தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு: 'ஒரு சோதனையில் ஒரே நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று, இரண்டை மாற்றினால் எதனால் விளைவு வந்தது என்று தெரியாது.' பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லும் இந்த விதி, பட்டறையில் நம் காசை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இஞ்சின் சூடாக இருப்பது குற்றமன்று. சூடாகத்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மிச்சமுள்ள பங்கை, இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள காரில் அந்தத் தண்ணீரின் உஷ்ணம் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பானெட்டைத் தொட்டேன், கை சுட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பகலெல்லாம் வெயிலில் ஓடிய காரின் பானெட் சுடாமல் வேறு என்ன செய்யும்?

தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே, 100 டிகிரி வரை எப்படி ஓட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் பிரஷர் குக்கர் வைத்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அதன் அடியில் ஒரு சுருள்வில்லும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. மூடியின் மேல் 0.9 என்று எழுதியிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே 0.9 பார் அதிக அழுத்தம் வரும் வரை அது இறுக மூடியிருக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று மேலே போகும். அந்த ரப்பர் வளையம் வெடித்துப் போனால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மேட்டு நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறீர்கள். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் மூடியில்லாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஒழுங்காக ஓடிய கார் மலையில் குமிழி விடுவதற்கு, சில வெள்ளிக்கு விற்கும் இந்த மூடியே காரணமாக இருக்கலாம். ஆனால் யாரும் முதலில் மூடியைச் சந்தேகிப்பதில்லை.

இனி முள்ளைக் கவனிப்போம். டேஷ்போர்டில் 'சி' என்ற எழுத்துக்கும் 'எச்' என்ற எழுத்துக்கும் நடுவே நிற்கும் அந்த முள், இஞ்சினில் திருகப்பட்ட ஒரு சிறிய உணர்கருவியின் செய்தியைத்தான் நமக்குக் காட்டுகிறது. பழைய கார்களில் உணர்கருவிக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரே ஒரு வயர். தண்ணீர் சூடாகச் சூடாக உணர்கருவியின் மின்தடை குறையும். முள் மேலே போகும். அந்த வயரின் மேலுறை தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு காரின் இரும்பு உடலில் பட்டுவிட்டால், மின்தடையே இல்லாததால் முள் நேராக 'எச்'சுக்குப் பாயும். வயர் அறுந்துவிட்டாலோ முள் 'சி'யில் படுத்துவிடும்.

உண்மையான சூட்டையும் பொய்யான சூட்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி, முள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பது. சிறிய காரின் இஞ்சினிலும் பல பத்து கிலோ உலோகம் இருக்கிறது. நான்கைந்து லிட்டர் தண்ணீரும் இருக்கிறது. அடுப்பில் ஒரு கெட்டில் தண்ணீர் வைத்தாலே கொதிக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. இத்தனை உலோகமும் தண்ணீரும் கண் இமைக்கும் நேரத்தில் சூடாகிவிட முடியுமா? முள் ஒரே துள்ளாகத் துள்ளினால், அல்லது மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கினால், மின்சாரக் கோளாறு என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். உஷ்ண முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறினால் சந்தேகமே வேண்டாம். காலையில் இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது சாவியைத் திருப்பியவுடனே முள் மேலே போனால், அதைவிடத் தெளிவான சாட்சியம் வேறில்லை.

பொய் சொல்லும் முள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய பழைய வேனில் முள் அடிக்கடி 'எச்'சுக்குப் பாயும். முதலில் பயந்து நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்; தண்ணீர் குறைந்ததே இல்லை. தோட்டத்து டிராக்டர்களைப் பார்த்துக்கொள்ளும் முதிய பிட்டர் ஒருவர், "தம்பி, வயர் எங்கேயோ உரசுது. அரை நாள் வண்டியை விட்டுட்டுப் போ, பார்த்துத் தர்றேன்" என்றார். இவரோ, "பொய்தானேண்ணே, எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே" என்று விட்டுவிட்டார். அரை நாள் வண்டி நின்றால் அரை நாள் வருமானம் போகும் அல்லவா? இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அடிப்பக்க ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் ஒழுகியது. முள் ஏறியது. வழக்கமான பொய் என்று நினைத்து ஓட்டினார். பிறகு முள் தானாகவே இறங்கியது. 'பார்த்தாயா' என்று நிம்மதியாகவும் இருந்தாராம். பள்ளி வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது இஞ்சின் 'டொக் டொக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

முள் ஏன் இறங்கியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. உணர்கருவி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் மட்டம் குறைந்து உணர்கருவி வெறும் காற்றில் நின்றால், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிவிடக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் காரில் முள் மேலே போய்விட்டுத் திடீரென்று 'சி'யை நோக்கி விழுந்தால் அது நல்ல சகுனமன்று. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி. அந்த வேனின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். கீழே இரும்பு, மேலே அலுமினியம் என்று இறுக்கிப் பூட்டி வைத்து அளவு மீறிச் சூடேற்றினால், ஹெட் வளைந்துதான் போகும். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தே பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவருக்கு மூன்று வாரம் வருமானம் இல்லை. பழுது பார்த்த செலவு வேறு.

இப்போது வரும் சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கு, அளவு மீறினால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் உள்ள புதிய கார்கள் பலவற்றிலும், உஷ்ணம் சற்று ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஓட்டுபவர் வீணாகக் கலங்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எனக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. நடுவைத் தாண்டி முள் நகரும்போது காரியம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஆனால் இந்தக் கார்களில் ஒரு வசதி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள செருகியில் ஒரு சிறிய கருவியைப் பொருத்தினால், தண்ணீரின் உஷ்ணத்தை டிகிரி கணக்கில் கைத்தொலைபேசியிலேயே படித்துவிடலாம்.

சரி, சூடு உண்மைதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? இங்கேதான் பலர் 'எது கெட்டது?' என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் புதிது வாங்கிப் போடத் தொடங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது சூடேறுகிறது?' என்பதே.

என் சக ஆசிரியர் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். பட்டணத்தில் நெரிசலில் ஊர்ந்தால் முள் ஏறும். ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். குணமாகவில்லை. இன்னொரு பட்டறையில் தண்ணீர்ப் பம்பை மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டரையும் மாற்றினார்கள். சில நூறு வெள்ளி போனதுதான் மிச்சம். நெடுஞ்சாலையில் ஓடும்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். "அங்கே ஒரு தொல்லையும் இல்லை சார், முள் கீழேதான் நிற்கிறது" என்றார். இந்த ஒரு பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. வேகமாக ஓடும்போது இஞ்சின் அதிகமாக வேலை செய்கிறது. அதிக வெப்பத்தையும் உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தைப் பம்பும் ரேடியேட்டரும் சமாளித்துவிடுகின்றன என்றால் அவை நன்றாகவே இருக்கின்றன என்றுதானே பொருள்? ஓடும்போது இருப்பது, நிற்கும்போது இல்லாதது எது? எதிர்காற்று. நிற்கும்போது காற்றைக் கொடுக்க வேண்டியது காற்றாடி. நிறுத்திய இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். முள் நடுவைத் தாண்டியும் காற்றாடி அசையவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றாடியின் செருகியைக் கழற்றி, பாட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராகக் கொடுத்தோம். காற்றாடி ஜோராகச் சுற்றியது. ஆகவே மோட்டார் நல்லது. அதற்கு ஆணையிடும் பக்கத்தில்தான் குறை. பியூஸும் ரிலேயும் நன்றாகவே இருந்தன. இறுதியில், சூட்டைக் கண்டு காற்றாடியை இயக்கும் சுவிட்சுதான் செத்துப் போயிருந்தது. மாற்றப்பட்ட சாமான்களிலேயே மிக மலிவானது அதுதான்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நெரிசலில் ஒன்றும் இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினாலோ மலை ஏறினாலோ முள் மெல்ல மெல்ல ஏறுகிறது. அப்போது காற்றாடியைச் சந்தேகிப்பது வீண். தண்ணீரின் ஓட்டமோ ரேடியேட்டரின் திறனோ குறைந்திருக்கிறது. தோட்டத்துச் சாலையிலும் பட்டணத்துக் கடைத்தெருவிலும் மட்டும் ஓடும் காரில் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. 1994-ஆம் ஆண்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓட முடிகிறது. அப்படி ஓடினால் அரை மணி நேரத்தில் பழைய ரேடியேட்டரின் குட்டு வெளிப்பட்டுவிடும். உள்ளே துருவும் சுண்ணமும் அடைத்திருக்கலாம். வெளியே செம்மண் தூசியும் லாலாங் பஞ்சும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். நம் தோட்டப்புறக் கார்களில் இந்த வெளி அடைப்பை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குளிர்சாதன வசதி உள்ள காரில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு கம்பிச் சட்டம் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே சேரும் குப்பை கண்ணுக்கே தெரியாது. இஞ்சின் ஆறிய பிறகு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி, நாமே அடைத்தது போலாகிவிடும்.

காலையில் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறினால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். இது தண்ணீர்ப் பாதையில் இருக்கும் ஒரு தானியங்கிக் கதவு. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, 82 அல்லது 88 டிகிரி போன்ற ஒரு குறிப்பிட்ட உஷ்ணம் வந்ததும் திறக்கும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது. மேல் ரப்பர் குழாய் கொதிக்கும். கீழ்க் குழாய் சில்லென்று இருக்கும். இதைச் சோதிப்பதற்கு என் வகுப்புப் பிள்ளைகளே போதும். கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டிப் பழைய சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து அடுப்பைப் பற்ற வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது. தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லையென்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

'நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு?' என்று அதைக் கழற்றி எறிகிற வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. அது இல்லாவிட்டால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், பெட்ரோல் வீணாகும், தேய்மானமும் கூடும். சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியை அதன் மறுமுனை அடைத்துவிடும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீர் ஆறாமலே இஞ்சினுக்குத் திரும்பி வரும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியம் சூட்டைக் கூட்டிவிடும்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் அது கவலைப்பட வேண்டிய நிலை. ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து, ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்க்கொண்டிருக்கலாம். காலையில் ஆறிய இஞ்சினை இயக்கி ஒரு நிமிடத்திற்குள் மேல் ரப்பர் குழாயை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாதபோதே குழாய் கல் போல விறைத்திருந்தால், சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். எஞ்சின் ஆயில் பால் தேநீரைப் போல நிறம் மாறியிருப்பதும் ஓர் அடையாளம். ஆயில் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை படிந்திருந்தால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் காற்றின் ஈரமும் அப்படிப் படியும்.

பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது, பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருப்பது, எஞ்சின் ஆயில் குறைந்திருப்பது ஆகியவையும் சூட்டைக் கூட்டும். அவற்றைப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது.

சாலையில் சூடேறிவிட்டால் முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் ஹீட்டரைத் திறந்துவிடச் சொல்லும்; இங்கே விற்கும் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. பாதுகாப்பான இடம் கிடைத்ததும் ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேலிருக்கும் தண்ணீர் அழுத்தத்தால்தான் தண்ணீராக இருக்கிறது. மூடி திறந்த மறுகணம் ஆவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருந்து, மேல் குழாயைத் தொடக் கை பொறுத்தால், தடித்த ஈரத் துணியை மூடியின்மேல் போட்டு மெதுவாகத் திருகுங்கள். காத்திருக்கும்போது காற்றாடிக்கு அருகே கை வைக்க வேண்டாம். இஞ்சின் நின்றிருந்தாலும் மின்காற்றாடி தானாகச் சுழலக்கூடும். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் குபுகுபுவென்று ஊற்றினால் உலோகம் வெடிக்கும். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

பழுது பார்த்துத் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடுவதுண்டு. நல்ல சாமான்களைப் போட்ட பிறகும் கார் சூடேறுகிறதே என்று பலர் மெக்கானிக்கைத் திட்டுவது இதனால்தான். ஆறிய இஞ்சினில் தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமல் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் வந்து மட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றி மூடுங்கள். மறுநாள் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒதுக்குப் போத்தலின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் அந்தக் கோட்டைப் பாருங்கள். தண்ணீர் கோட்டிலேயே நின்றால் தைரியமாகக் கேமரன் மலைக்குப் புறப்படலாம். கீழே இறங்கியிருந்தால், எவ்வளவு நாளில் எவ்வளவு இறங்கியது என்று எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.